உலக மகளிர் கர்லிங்: குஸ்டாஃப்சனின் நான்கு பெரிதா, டிரின்சோனியின் நான்கு பெரிதா?

கடைசிக்கல் எழுதியது:

பனித்தளத்தில் கற்களை வழுக்கவிட்டு ஆடும் கர்லிங்கின் உலக மகளிர் சாம்பியன்ஷிப் 1979இல் ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் தொடங்கியது. பெருந்தொற்றால் கைவிடப்பட்ட 2020ஐத் தவிர 2025 வரை ஆண்டு தவறாமல் நடந்திருப்பதால், இதுவரை 46 பட்டங்கள் வழங்கப்பட்டுள்ளன. ஸ்கிப் பொறுப்பில், அதாவது உத்தி வகுத்து அணியை நடத்தும் தலைவியாக, நான்கு பட்டங்கள் வென்றவர்கள் அவற்றில் இருவர் மட்டுமே. ஸ்வீடனின் எலிசபெட் குஸ்டாஃப்சன் 1992, 1995, 1998, 1999 ஆகிய ஆண்டுகளில் வென்றார். ஸ்விட்சர்லாந்தின் சில்வானா டிரின்சோனி 2019, 2021, 2022, 2023 ஆகிய நான்கு போட்டிகளையும் அடுத்தடுத்து வென்றார்.

டிரின்சோனியின் நான்கே மேலானவை என்பது என் கருத்து. குஸ்டாஃப்சனின் காலத்தில் பத்து அணிகள் ஆடின. லீக் சுற்றில் ஒன்பது ஆட்டங்கள் ஆடினால் போதும். இப்போது 13 அணிகள் ஆடுகின்றன. 2021இல் மட்டும் 14 அணிகள். பன்னிரண்டு லீக் ஆட்டங்களை முடித்த பிறகுதான் அரையிறுதியைப் பற்றியே நினைக்க முடியும். எண்ணிக்கையோடு வலிமையும் கூடியிருக்கிறது. 2022இல் தென்கொரியாவின் கிம் உன்-ஜங் அணி இறுதி ஆட்டத்தை 7-6 வரை இழுத்துச் சென்றது. 1990களில் ஆசியாவிலிருந்து வந்த ஓர் அணி இறுதி ஆட்டத்தில் நிற்பதை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். இத்தகைய களத்தில் 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஓர் ஆட்டத்தைக்கூட இழக்காமல், 14க்கு 14 என்ற கணக்கில் வென்றது டிரின்சோனியின் அணி. மாற்றுக் கருத்து உடையவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

பனிவாசகன் எழுதியது:

கடைசிக்கல் அவர்களுக்கு வணக்கம். "அடுத்தடுத்து" என்ற சொல்லிலேயே எனக்கு முதல் ஐயம் எழுகிறது. 2020இல் கனடாவின் பிரின்ஸ் ஜார்ஜில் நடக்கவிருந்த போட்டி நடக்கவே இல்லை. நடக்காத போட்டியில் டிரின்சோனி தோற்கவில்லை என்பது உண்மைதான். வெல்லவில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை. 2021 போட்டி கால்கரியில் பார்வையாளர் ஒருவரும் இல்லாமல், வெளியுலகத் தொடர்பைத் துண்டித்த ஏற்பாட்டில் நடந்தது. 2022இல் ஸ்காட்லாந்து அணி தொற்றின் காரணமாக விலகியதால், அதனுடன் ஆடவேண்டிய ஆட்டங்கள் எதிரணிகளின் வெற்றியாகவே எழுதப்பட்டன. ஆகவே தாங்கள் பெருமையாகச் சொல்லும் அந்த முதல் "14க்கு 14" கணக்கில், ஒரு கல்லும் வீசாமல் கிடைத்த வெற்றியும் சேர்ந்திருக்கிறது.

குஸ்டாஃப்சன் எங்கெங்கே வென்றார் என்று பாருங்கள். 1992இல் ஜெர்மனியின் கார்மிஷ்-பார்டன்கிர்ஹனில் வென்றபோது அவருடைய குடும்பப் பெயர் யோஹான்சன். மற்ற மூன்று பட்டங்களும் கனடாவில் வந்தவை: 1995இல் பிராண்டன், 1998இல் கம்லூப்ஸ், 1999இல் செயின்ட் ஜான். கர்லிங்கைக் கண் இமைக்காமல் பார்க்கும் மக்கள் நிறைந்த நாட்டில், அவர்களுடைய அரங்கிலேயே மூன்று முறை வெல்வதென்பது எளிதன்று. பிராண்டன் இறுதி ஆட்டத்தில் அவர் வென்றது யாரை? கனடாவின் கோனி லாலிபெர்ட்டை. 1984இல் உலகப் பட்டம் வென்றவரான லாலிபெர்ட், பிராண்டன் இருக்கும் மனிடோபா மாநிலத்தைச் சேர்ந்தவர். அரங்கில் எவருடைய பெயர் ஒலித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். குஸ்டாஃப்சன், கத்தரீனா நிபெர்க், லூயிஸ் மார்மோன்ட், எலிசபெத் பேர்ஷன் ஆகிய அதே நால்வர்தான் ஏழு ஆண்டு இடைவெளியில் நான்கு பட்டங்களையும் வென்றார்கள். டிரின்சோனி அணியில் 2022க்குப் பிறகு எஸ்தர் நாயென்ஷ்வாண்டரும் மெலனி பார்பெசாவும் விலக, கரோல் ஹோவால்டும் பிரியார் ஹியூர்லிமானும் வந்தார்கள். நான்கு பட்டங்களிலும் களத்தில் நின்றவர்கள் டிரின்சோனியும் அலினா பேட்ஸும் மட்டுமே. தாங்கள் ஒப்பிடுவது ஓர் அணியை ஓர் அணியோடா, ஒரு பெயரை ஒரு பெயரோடா?

துடைப்பம் எழுதியது:

பெயர் என்று வந்துவிட்டதால் கேட்கிறேன். டிரின்சோனியின் அணியில் கடைசிக் கல்லை வீசுவது டிரின்சோனி அல்லவே? மூன்றாவதாக வீசும் ஒருவருக்கு நான்கு பட்டங்களையும் எழுதிவிட்டு, ஆட்டத்தை முடித்துக்கொடுத்த பேட்ஸை அடிக்குறிப்பில் வைப்பது எந்த நியாயம்? 2015இல் சப்போரோவில் பேட்ஸ் தாமே ஸ்கிப்பாக இருந்து உலகப் பட்டம் வென்றவர் என்பதை இங்கே பலர் மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

கடைசிக்கல் எழுதியது:

துடைப்பம் அவர்களே, கேள்வி நியாயமானது. ஆனால் விடை தாங்கள் நினைக்கும் திசையில் இல்லை. புதிதாக வாசிப்பவர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். அணிக்கு நால்வர், ஒவ்வொருவரும் ஒரு சுற்றில் இரண்டு கற்கள் வீசுவார்கள், இவ்வாறு பத்துச் சுற்றுகள். சுற்று முடியும்போது வட்டத்தின் நடுப்புள்ளிக்கு மிக அருகில் எவருடைய கல் இருக்கிறதோ அந்த அணிக்கே புள்ளி. எனவே கடைசிக் கல்லை வீசும் உரிமை, நாம் ஹேமர் என்று சொல்வது, விலைமதிப்பற்றது. புள்ளி எடுத்த அணி அடுத்த சுற்றில் அந்த உரிமையை எதிரணிக்கு இழக்கும். இதனால் ஒரே ஒரு புள்ளி எடுப்பதைவிட, வேண்டுமென்றே எல்லாக் கற்களையும் அகற்றிச் சுற்றை வெறுமையாக்கி, ஹேமரைத் தக்கவைத்துக்கொள்வது பல சமயம் நல்ல உத்தி.

இந்த முடிவுகளை எடுப்பவர் ஸ்கிப். வழக்கமான அணியில், ஸ்கிப் தம்முடைய கடைசி இரண்டு கற்களை வீசுவதற்காக வட்டத்தை விட்டு எதிர்முனைக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் மூன்றாவது ஆட்டக்காரர் வட்டத்தில் நின்று குறி காட்டுவார். ஆட்டம் முழுவதும் பனித்தளத்தின் வளைவையும் வேகத்தையும் வாசித்துக்கொண்டிருந்த கண், மிக முக்கியமான இரண்டு கற்களின்போது வட்டத்தில் இருப்பதில்லை. டிரின்சோனி மூன்றாவதாக வீசுவதால், பேட்ஸ் கடைசிக் கற்களை வீசும்போது அதே கண் வட்டத்திலேயே நிற்கிறது. இதை நான் குறையாகக் கருதவில்லை. தம் கையைவிடப் பேட்ஸின் கை உறுதியானது என்று அறிந்து, தலைமையை விடாமல் கடைசிக் கல்லை மட்டும் விட்டுக்கொடுத்தது ஒரு தலைவியின் தேர்ச்சியான முடிவு.

பனிவாசகன் சொன்ன கால்கரி ஏற்பாட்டைப் பற்றியும் ஒரு சொல். பார்வையாளர் இல்லாத அரங்கு எல்லா அணிகளுக்கும் ஒன்றுதான். அங்கே கூடுதலாக ஓர் அணி இருந்தது. லீக் ஆட்டங்களும் ஒன்று கூடின. அதை எளிமையான பட்டம் என்பது பொருந்தாது.

மேப்பிள்இலை எழுதியது:

இருவரும் ஐரோப்பாவுக்குள்ளேயே வாதத்தை முடித்துவிடப் பார்க்கிறீர்கள். 46 பட்டங்களில் கனடாவினுடையவை 19. ஸ்விட்சர்லாந்துக்கு 10, ஸ்வீடனுக்கு 8. நார்வே, ஜெர்மனி, ஸ்காட்லாந்து ஆகியவை இரண்டிரண்டு முறையும், டென்மார்க், அமெரிக்கா, சீனா ஆகியவை ஒவ்வொரு முறையும் வென்றுள்ளன. எனினும் நான் சொல்ல வந்தது இந்த எண்ணிக்கையை அன்று. ஸ்வீடனின் எட்டுப் பட்டங்களும் மூன்றே ஸ்கிப்களால் வந்தவை: 1981இல் எலிசபெத் ஹோக்ஸ்ட்ரோம், பிறகு குஸ்டாஃப்சன், பிறகு அனெட் நோர்பெர்க். கனடாவின் 19 பட்டங்களை வென்றவர்கள் பன்னிரண்டு ஸ்கிப்கள்.

(பழைய பட்டியலை வைத்து எண்ணுகிறவர்கள் பதினான்கு என்று சொல்லக்கூடும். 1993, 1994இல் வென்ற சாண்ட்ரா பீட்டர்சனும் 1997இல் வென்ற சாண்ட்ரா ஷ்மிர்லரும் ஒருவரே. 1986இல் வென்ற மர்லின் டார்ட்டும் 1996இல் வென்ற மர்லின் போடோவும் ஒருவரே. மணத்தாலும் மணமுறிவாலும் குடும்பப் பெயர் மாறும்போது சாதனைப் பட்டியலில் ஒருவரே இருவராகிவிடுகிறார். ஆண்கள் பட்டியலை எண்ணும்போது இந்தத் தொல்லை வருவதில்லை.)

1984இல் லாலிபெர்ட், 1985இல் லிண்டா மூர், 1986இல் மர்லின் டார்ட், 1987இல் பேட் சாண்டர்ஸ். நான்கு ஆண்டுகள் அடுத்தடுத்து, இடையில் எந்தப் போட்டியும் விடுபடாமல், நான்கு வெவ்வேறு அணிகளைக் கொண்டு ஒரு நாடு உலகப் பட்டத்தை வென்றது. அக்காலக் கனடாவில் ஓர் அணி உலகப் போட்டிக்குப் போக வேண்டுமானால் முதலில் தன் மாநிலத்தில் வென்று, பிறகு தேசியப் போட்டியான டூர்னமென்ட் ஆஃப் ஹார்ட்ஸில் வெல்ல வேண்டியிருந்தது. நடப்பு தேசிய சாம்பியனுக்கு அடுத்த ஆண்டு அதில் நேரடி இடம் என்ற சலுகை 1986இல்தான் வந்தது. உலகப் பட்டத்தை வென்று வந்தவரும் அடுத்த குளிர்காலத்தில் தம் நாட்டிலேயே தோற்றுப்போவது அங்கே இயல்பு. டிரின்சோனிக்கு ஆண்டுதோறும் இந்தச் சல்லடை இருந்திருந்தால் நான்கு வந்திருக்குமா என்று சிந்தியுங்கள்.

கடைசிக்கல் எழுதியது:

மேப்பிள்இலை அவர்களே, ஸ்விட்சர்லாந்திலும் சல்லடை இருக்கிறது. அதன் கண்கள் கனடாவினுடையதைவிடப் பெரியவை என்று நினைப்பது தவறு. 2014இல் பினியா ஃபெல்ட்ஷர், 2015இல் பேட்ஸ், 2016இல் மீண்டும் ஃபெல்ட்ஷர் என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஸ்விட்சர்லாந்து வென்றபோது, ஓர் ஆண்டின் உலகச் சாம்பியனை அடுத்த ஆண்டே உள்நாட்டில் ஒதுக்கிவிட்டு வேறோர் அணி உலகப் போட்டிக்குச் சென்றது. அதற்கு முன் 2012இல் லெத்பிரிட்ஜில் வென்ற மிர்யம் ஓட்டின் அணியும் வேறு. டிரின்சோனி அந்தக் கூட்டத்தைத் தாண்டித்தான் வந்தார்.

1984 முதல் 1987 வரையிலான சாதனையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அது ஒரு நாட்டின் ஆழத்தைக் காட்டுகிறதேயன்றி, ஓர் ஆட்டக்காரரின் மேன்மையைக் காட்டவில்லை. நம்முடைய கேள்வி ஆட்டக்காரரைப் பற்றியது. அந்த ஆழத்தை வைத்துக்கொண்டுதான் 2009 முதல் 2016 வரை எட்டு ஆண்டுகள் கனடா ஒரு பட்டமும் இல்லாமல் இருந்தது என்பதையும் தாங்களே சொல்லியிருக்கலாம்.

மேப்பிள்இலை எழுதியது:

எட்டு ஆண்டு வறட்சியை மறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. அதன் தொடக்கமே 2009இல் கங்நுங்கில் சீனாவின் வாங் பிங்யூ பெற்ற வெற்றிதான். இறுதி ஆட்டத்தில் அவர் வீழ்த்தியது அப்போதைய ஒலிம்பிக் சாம்பியனான நோர்பெர்க்கை. அடுத்த ஆண்டு ஸ்விஃப்ட் கரன்ட்டில் ஜெர்மனியின் ஆண்ட்ரியா ஷோப் வென்றார். அவருடைய முந்தைய பட்டம் 1988இல் கிளாஸ்கோவில் பெற்றது; இரண்டு பட்டங்களுக்கும் இடையே 22 ஆண்டுகள். நீடித்து நிற்பதுதான் அளவுகோல் என்று பனிவாசகன் சொல்வாரானால், இந்த விவாதத்தின் தலைப்பில் முதலில் இடம்பெற வேண்டியவர் ஷோப்.

கனடாவுக்கு இருந்த இன்னொரு சுமையைப் பற்றி எவரும் பேசுவதில்லை. வட்டத்துக்கு முன்னால் தடுப்பாக நிறுத்தப்படும் காவல் கற்களை ஒரு சுற்றின் தொடக்கத்தில் அகற்றக் கூடாது என்ற விதி 1993-94 பருவத்தில் பன்னாட்டுப் போட்டிகளுக்கு வந்தபோது, முதல் நான்கு கற்கள் விழும்வரை அந்தக் காவலுக்குப் பாதுகாப்பு இருந்தது. கனடாவின் உள்நாட்டுப் போட்டிகளோ 2002-03 பருவம் வரும்வரை மூன்று கல் விதியிலேயே நடந்தன. ஒரு கல்தானே என்று தோன்றும். ஆனால் அந்த ஒரு கல், முன்னணியில் இருக்கும் அணி எதிரணியின் காவலைத் தட்டிவிட்டுக் களத்தை வெறுமையாக்கிவிட முடியுமா முடியாதா என்பதையே தீர்மானிக்கிறது. பருவம் முழுவதும் ஒரு விதியில் ஆடிவிட்டு, உலகப் போட்டி நடக்கும் அந்த ஒரு வாரத்தில் வேறு விதிக்கு மாறியே அக்காலக் கனடிய அணிகள் பட்டம் வென்றன.

பனிவாசகன் எழுதியது:

விதியைப் பற்றி மேப்பிள்இலை சொன்னது என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. குஸ்டாஃப்சனின் முதல் பட்டம் 1992இல், காவல் கல் விதி வருவதற்கு முன் வந்தது. அந்தக் காலத்தில் இரண்டு புள்ளிகள் முன்னிலை பெற்ற அணி, வருகிற கல்லையெல்லாம் அடித்து விலக்கியே ஆட்டத்தை முடித்துவிட முடியும். அடுத்த மூன்று பட்டங்கள் விதி மாறிய பிறகு, வட்டத்தின் முன்னும் உள்ளும் கற்கள் குவியும் சிக்கலான ஆட்டத்தில் வந்தவை. அதே நால்வர் இரண்டு வகை ஆட்டத்திலும் உலகை வென்றிருக்கிறார்கள். டிரின்சோனியின் நான்கு பட்டங்களும், முதல் ஐந்து கற்கள் விழும்வரை காவலுக்குப் பாதுகாப்பு தரும் ஐந்து கல் விதி என்ற ஒரே விதியின் கீழ் வந்தவை.

குஸ்டாஃப்சன் அறுவைச் சிகிச்சை மருத்துவர் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். இன்றைய முன்னணி அணிகள் பருவம் முழுவதும் பரிசுத்தொகைப் போட்டிகளில் ஆடி, பயிற்சியாளரோடும் உடற்பயிற்சித் திட்டத்தோடும் வாழ்கின்றன. அவருக்கு அந்த வசதி கிடைத்ததில்லை.

நடுவட்டம் எழுதியது:

குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள வேண்டும். இதுவரை வந்த பதிவுகளில் நோர்பெர்க் மற்றவர்களின் கதையில் துணைப்பாத்திரமாகவே வந்துபோகிறார். 2005, 2006, 2011 என்று உலகப் பட்டங்கள் மூன்றுதான். ஆனால் 2006இலும் 2010இலும் ஒலிம்பிக் தங்கமும் அவருடையதே. 2006இல் டுரினில் தங்கம் வென்ற சில வாரங்களிலேயே கனடாவின் கிராண்ட் ப்ரேரிக்குச் சென்று உலகப் பட்டத்தையும் வென்றார். ஒலிம்பிக் முடிந்த களைப்பில் பல நாடுகள் வேறு அணியை அனுப்பிவிடும் ஆண்டு அது என்பதைக் கருதினால், அந்த இரட்டை வெற்றியின் எடை புரியும். ஷ்மிர்லரும் 1997இல் மூன்றாவது உலகப் பட்டத்தையும், 1998இல் நாகானோவில் மகளிர் கர்லிங்கின் முதல் அதிகாரபூர்வ ஒலிம்பிக் தங்கத்தையும் வென்றவர். 2000இல் 36 வயதில் புற்றுநோயால் மறைந்தார். அவருக்கு நான்காவது பட்டத்துக்கான காலமே கிடைக்கவில்லை. குஸ்டாஃப்சனுக்கு ஒலிம்பிக்கில் ஒரு வெண்கலம். டிரின்சோனி 2022இல் பெய்ஜிங்கில் நான்காம் இடம். உலகப் பட்டத்தை மட்டும் எண்ணி மேன்மையை முடிவு செய்வது சரியா?

கடைசிக்கல் எழுதியது:

நடுவட்டம் அவர்களே, ஒலிம்பிக்கைக் கொண்டுவந்தால் விவாதம் வேறாகிவிடும். நான்கு ஆண்டுக்கு ஒரு முறை, பத்து அணிகளோடு நடக்கும் போட்டி அது. ஒரு கெட்ட வாரம் அமைந்தால் 2017இல் 13க்கு 13 என்று உலகை வென்ற ரேச்சல் ஹோமனே 2018 ஒலிம்பிக்கில் அரையிறுதிக்குக்கூட வராமல் திரும்ப நேர்கிறது. மறுபுறம், 2018இல் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஸ்வீடனின் அன்னா ஹாசல்போர்க், அதே ஆண்டும் அடுத்த ஆண்டும் உலகப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் தோற்றார். 2019இல் சில்கபோர்க்கில் கூடுதல் சுற்று வரை சென்ற இறுதி ஆட்டத்தில் அவரை வென்றுதான் டிரின்சோனி தம் முதல் பட்டத்தைப் பெற்றார். ஆண்டுதோறும் நடப்பதே உலகப் போட்டியின் பலம். ஒரு வாரத்தின் அதிர்ஷ்டத்தை அது காலப்போக்கில் சமன்செய்துவிடுகிறது.

அந்த அளவுகோலில் பார்த்தால், 2019 முதல் 2025 வரை நடந்த ஆறு உலகப் போட்டிகளிலும் டிரின்சோனியின் அணி இறுதி ஆட்டத்தில் இருந்தது. நான்கில் வென்றது, 2024இல் நோவா ஸ்கோஷியாவின் சிட்னியிலும் 2025இல் தென்கொரியாவின் உய்ஜொங்புவிலும் ஹோமனிடம் தோற்றது.

மேப்பிள்இலை எழுதியது:

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் காத்திருந்தேன். முதலாவது 7-5, இரண்டாவது 7-3. ஷ்மிர்லருக்குப் பிறகு கனடாவுக்காக இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து உலகப் பட்டம் வென்ற முதல் மகளிர் அணி ஹோமனுடையது. அவருக்கும் இப்போது மூன்று பட்டங்கள்.

பனிவாசகன் எழுதியது:

ஆறு இறுதி ஆட்டங்கள் என்ற கணக்கை நான் இதற்கு முன் இப்படிச் சேர்த்துப் பார்த்ததில்லை. அது குஸ்டாஃப்சனிடம் இல்லாத ஒன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1992க்கும் 1999க்கும் இடையே அவர் வெல்லாத ஆண்டுகளை நான் சற்று வேகமாகவே தாண்டிவிட்டேன். 2023இல் சாண்ட்விகனில் பெற்ற 14க்கு 14இலும் எந்தக் குறையும் காண முடியவில்லை. ஆனாலும் நால்வரையும் சேர்த்து ஓர் அணி என்று கொண்டால், நான்கு பட்டங்களையும் வென்ற அணி ஒன்றுதான்; அது ஸ்வீடனுடையது. டிரின்சோனிக்கும் பேட்ஸுக்கும் தாங்கள் தரும் பெருமையில் நாயென்ஷ்வாண்டருக்கும் பார்பெசாவுக்கும் மூன்று பங்கும், ஹோவால்டுக்கும் ஹியூர்லிமானுக்கும் ஒரு பங்கும் உண்டு. பனியைத் துடைத்துக் கல்லைக் கொண்டுசேர்த்த கைகளில் அவர்களுடையவையும் இருந்தன.

கடைசிக்கல் எழுதியது:

இந்தப் பகுதியை ஏற்கிறேன். என் முதல் பதிவில் "டிரின்சோனியின் அணி" என்று எழுதிய இடத்தை "டிரின்சோனி, பேட்ஸ் இருவரும்" என்று திருத்திவிடுகிறேன். துடைப்பம் அவர்களுக்கும் இதில் மனநிறைவு இருக்கும் என்று நம்புகிறேன். மற்றவை அப்படியே நிற்கும்.

துடைப்பம் எழுதியது:

பேட்ஸின் பெயரை முதலில் எழுதினால் மனநிறைவு.

பனிவாசகன் எழுதியது:

திருத்துவதென்று முடிவாகிவிட்டதால், அதே பதிவின் முதல் பத்தியில் "அடுத்தடுத்து" என்ற சொல் இன்னும் இருக்கிறது என்பதையும் நினைவூட்டுகிறேன். அதற்கு முன்னால் "2020ஐத் தவிர்த்து" என்று சேர்த்துவிடுங்கள். குஸ்டாஃப்சனின் 1995க்கு நான் திரும்பவும் வருகிறேன்.